பழைய ஜீப்புக்கு முன் பிரேக்: டிரம்மா, டிஸ்க்கா?

மகிந்திரா எம்எம்540 போன்ற பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான்: சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் ஷூக்கள் விரிந்து உரசி நிறுத்தும். அதையே புதுப்பிப்பதா, முன்னால் மட்டும் டிஸ்க் (சுழலும் தட்டைப் பேட்கள் இரு பக்கமும் கவ்வும் வகை) மாட்டுவதா என்ற பேச்சு வந்தபோது நான் டிஸ்க் பக்கம் சாய்ந்தேன்.

டிரம்முக்குச் செலவு குறைவு. எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் ஷூவில் லைனிங் (உரசும் பட்டை) ஒட்டித் தருவார்கள். சரியாக செட் செய்த டிரம் நன்றாகவே நிற்கும், அதில் சண்டை இல்லை.

அந்த செட் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் விஷயம். லைனிங் தேயத் தேய பெடல் கீழே இறங்கும். இடது வலது சமமாகத் தேயாவிட்டால் அழுத்தும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, லைனிங் உரசும் வரை அட்ஜஸ்டரைத் திருகி, பிறகு கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதுவும் ஒவ்வொரு சக்கரத்துக்கும். ஓடையில் இறங்கி ஏறினால் உள்ளே போன தண்ணீர் காயும் வரை பிரேக் பிடிக்காது. வண்டல் உள்ளேயே தங்கி டிரம்மைக் கீறும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கசிந்து லைனிங் நனைந்தாலும் டிரம்மைக் கழற்றினால்தான் சரியாகத் தெரியும். டிஸ்க்கில் பேட் தேய்ந்த அளவுக்கு பிஸ்டன் தானே முன்னே வந்துவிடும், தண்ணீரையும் சுழற்சி உதறிவிடும்.

ஆனால் டிஸ்க் மட்டும் வாங்கி வேலை முடியாது. டிரம் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானே இறுகும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. கால் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டர் இல்லாவிட்டால் பெடல் கல் மாதிரி இருக்கும். டீசல் இன்ஜினில் பூஸ்டருக்குப் போதுமான வாக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுவிசை) தானாகக் கிடைக்காது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வாக்குவம் பம்ப் வேண்டும். பெடலை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், டிரம்முக்காகச் செய்தது, லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வகை என்றால், பேட் எப்போதும் உரசிச் சூடேறும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் போகும் டேண்டம் சிலிண்டராக மாற்றிவிடுங்கள். 15 அங்குல ரிம் என்றால் காலிப்பர் (பேட்டை அழுத்தும் பாகம்) இடிக்கிறதா என்று முதலில் வைத்துப் பாருங்கள்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரி இறக்கத்தில் முழு லோடோடு நான் இறங்கியதில்லை, அதற்கு உத்தரவாதம் தரமாட்டேன். எதுவாக இருந்தாலும் கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். பிரேக் ஆயிலையும் பாருங்கள்: புது டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும்.

ஓடை, சேறு பக்கமே போகாத வண்டியா? டிரம்மைப் புதுப்பித்து, பூஸ்டர் மட்டும் வைத்து ஓட்டுங்கள். மிச்சப் பணத்தில் ஸ்டீயரிங் ஆட்டத்தைச் சரிபார்க்கலாம்.