பழைய பிக்கப்புக்குப் புது ஷாக்: எதை வாங்கலாம், எதை வீட்டிலேயே மாட்டலாம்?

பள்ளத்தில் இறங்கி ஏறியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடி அடங்குகிறது. பிரேக் மிதித்தால் மூக்கு குத்துகிறது. காலியாக ஓட்டும்போது பின்பக்கம் ரோட்டில் ஒட்டாமல் துள்ளுகிறது. இப்படியெல்லாம் இருந்தால் ஷாக் அப்சார்பர் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். தேட ஆரம்பித்தால் ஒரே வண்டிக்கு நாலைந்து வகை கண்ணில் படும், எல்லாப் பெட்டியிலும் ‘ஹெவி டியூட்டி’ என்றே போட்டிருக்கும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பழைய பிக்கப்புகளுக்கு கேஸ் நிரப்பிய இரட்டைக் குழாய் ஷாக்கே சரி. ஒற்றைக் குழாய் ஷாக் தொழில்நுட்பத்தில் ஒரு படி மேல்தான். ஆனால் அதற்கேற்ற ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஓட்டமும் இருந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன் தெரியும்.

வாங்கும் முன் வண்டிக்கு அடியில்

லோடைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துவது ஷாக்கின் வேலை. ஆட்டத்தின் ஆற்றலை எண்ணெய் வழியாகச் சூடாக்கி வெளியே விடுகிறது, அவ்வளவுதான். பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக ஷாக் வாங்குபவர்கள் நிறைய பேர். அது லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்ததன் அறிகுறி, எந்த ஷாக்கும் அதைத் தூக்காது.

பம்பரை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் பரிசோதனையை நான் அதிகம் நம்புவதில்லை. லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும், துருப்பிடித்த பட்டைகள் இன்னும் அதிகமாக. ஷாக் செத்திருந்தாலும் வண்டி ஆடாமல் நிற்கலாம். அதைவிட டயரைத் தடவிப் பாருங்கள்: மேடு பள்ளமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் துள்ளியிருக்கிறது. ஷாக் உடம்பில் லேசான எண்ணெய்ப் பூச்சு இருந்தால் கவலை இல்லை. ஈரமாக வழிந்து, அதில் மண் அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. ஷாக்கின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். ‘டக் டக்’ சத்தத்துக்குக் காரணம் பல வண்டிகளில் தேய்ந்த புஷ்தான்.

எண்ணெய் மட்டும் உள்ள இரட்டைக் குழாய்

பழைய பிக்கப்புகள் பலவும் கம்பெனியிலிருந்து இப்படித்தான் வந்தன. உள்ளே ஒரு குழாய், அதில் பிஸ்டன். வெளியே இன்னொரு குழாய், அது எண்ணெய்த் தொட்டி. விலை குறைவு, மென்மையான ஓட்டம், மாட்டுவதும் சுலபம். பலவீனம் ஒன்றுதான்: கரடுமுரடான ரோட்டில் வேகமாக ஓடும்போது எண்ணெயும் உள்ளிருக்கும் காற்றும் கலந்து நுரைத்துவிடும். நுரை வால்வு வழியாகத் தடையில்லாமல் பாயும், ஷாக் இருந்தும் இல்லாதது போல ஆகிவிடும். கேஸ் ஷாக் சற்றே கூடுதல் விலையில் கிடைக்கும்போது இதை வாங்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேஸ் இரட்டைக் குழாய்

அதே அமைப்பு. ஆனால் வெளித்தொட்டியில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன், குறைந்த அழுத்தத்தில், பத்து பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அழுத்தம் இருப்பதால் எண்ணெய் சீக்கிரம் நுரைக்காது. கேஒய்பி எக்ஸெல்-ஜி, ராஞ்சோ ஆர்.எஸ்.5000எக்ஸ் போன்றவை இந்த ரகம்.

இதன் நல்ல குணம் பலர் கவனிக்காதது. வெளிக்குழாயில் கல் அடித்துச் சின்ன நெளிவு விழுந்தாலும் பிஸ்டன் ஓடுவது உள்குழாயில், அதனால் ஷாக் வேலை செய்துகொண்டே இருக்கும். மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது பெரிய ஆறுதல். தளர்ந்த பழைய ஸ்பிரிங்கோடும் ஒத்துப்போகும், காலி வண்டியை முரட்டுத்தனமாக உதறாது. குறை என்றால் சூடுதான். உள்குழாயின் சூடு வெளித்தொட்டியைத் தாண்டித்தான் காற்றுக்குப் போக வேண்டும். நீண்ட மலைப்பாதையிலோ, டிரெய்லர் இழுத்துக்கொண்டு மோசமான ரோட்டிலோ மணிக்கணக்கில் ஓடினால் தளர்வு தெரியும்.

ஒற்றைக் குழாய்

பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டியான் பூர்சியே த கார்பன் உருவாக்கிய அமைப்பு இது. 1950-களில் ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனம் இதை எடுத்து, மெர்சிடிஸ் கார்களில் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஒரே குழாய். எண்ணெய் ஒருபுறம், நைட்ரஜன் மறுபுறம், நடுவே மிதக்கும் ஒரு பிஸ்டன் இரண்டையும் பிரிக்கிறது. எண்ணெயும் கேஸும் தொட்டுக்கொள்ளாததால் நுரைக்க வழியே இல்லை. அழுத்தமும் அதிகம், இருபது பாருக்கு மேல். பிஸ்டன் பெரிதாக இருக்கும். பில்ஸ்டீனின் 4600, 5100 என்ற இரண்டு மாடலிலும் 46 மிமீ. எண்ணெயைச் சுற்றி ஒரே சுவர் என்பதால் சூடு நேராகக் காற்றில் இறங்கும்.

ஓட்டும்போது முதலில் கவனத்துக்கு வருவது திருப்பத்தில் வண்டி சாயாதது. பிஸ்டன் மெதுவாக நகரும்போதே, அதாவது வண்டி சாயும்போதும் மூக்கு குத்தும்போதும், இது கெட்டியாகப் பிடிக்கும்படி வால்வு வைத்திருக்கிறார்கள். பெரிய குழியில் பிஸ்டன் வேகமாக ஓடினால் வால்வு விட்டுக்கொடுக்கும். அதே குணம்தான் சின்னச் சின்ன மேடுகளில் கரகரவென்று கைக்கு ஏறுகிறது. பின்பக்கம் எடையே இல்லாத காலி பிக்கப்பில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். லீஃப் ஸ்பிரிங் ஏற்கெனவே கடினம், அதன்மேல் இதுவும் சேர்ந்தால் முதுகு சொல்லும்.

பிஸ்டனோடு இணைந்த ராடை அழுத்தம் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 14 மிமீ ராடின் குறுக்குப் பரப்பு சுமார் ஒன்றரை சதுர சென்டிமீட்டர். 25 பார் என்றால் கிட்டத்தட்ட 40 கிலோ தள்ளல். எட்டு பார் உள்ள இரட்டைக் குழாயில் அதே ராடுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோதான். ‘பில்ஸ்டீன் போட்டதும் வண்டி கொஞ்சம் உயர்ந்தது’ என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். லோடு தாங்கும் திறன் கூடிவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. பிஸ்டன் நேரடியாக வெளிச்சுவரிலேயே ஓடுவதால் கல் அடித்து நெளிந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். முன்சக்கரம் வாரியிறைக்கும் கல் எல்லாம் பின் ஷாக்கில்தான் படும். சரளை ரோட்டிலேயே வாழும் வண்டிக்கு இதைப் போடுவதானால் கல் தடுப்பும் சேர்த்துப் போடுங்கள்.

4600-க்கும் 5100-க்கும் இடையில் தடுமாறுபவர்களுக்கு: வண்டி கம்பெனி உயரத்திலேயே இருந்தால் 4600. உயர்த்தியிருந்தால் 5100, அதிலும் எத்தனை அங்குல உயர்வுக்கானது என்று பார்த்து வாங்க வேண்டும்.

குமிழ் திருகி மாற்றுவது

ஷாக் எவ்வளவு கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்பதைக் குமிழ் திருகி மாற்றலாம். ராஞ்சோ ஆர்.எஸ்.9000எக்ஸ்.எல். இதில் நன்கு தெரிந்த பெயர், ஒன்பது நிலை. காலியாக ஓடும்போது கீழ் எண்ணில், டிரெய்லர் மாட்டினால் மேல் எண்ணில். ஒரு நாள் லோடு, மறுநாள் காலி என்று மாறி மாறி ஓடும் பிக்கப்புக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இல்லை, காகிதத்தில். நடைமுறையில் பலரும் முதல் வாரம் ஆசையாகத் திருகிவிட்டு, ஒரு எண்ணில் வைத்து மறந்துவிடுகிறார்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குமிழ் இருப்பதால் சேறும் துருவும் ஏறி இறுகிவிடும். அவ்வப்போது முழு அளவுக்கும் திருகி விடுபவர் என்றால் வாங்கலாம், மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல புஷ்ஷும் புது போல்ட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

லோடு தாங்குவதாகச் சொல்பவை

ஷாக்கின் மேலேயே காயில் ஸ்பிரிங் சுற்றியது ஒரு வகை, காற்றடித்து உயர்த்துவது இன்னொரு வகை. இரண்டுமே பின்பக்கம் தாழ்வதை உண்மையிலேயே குறைக்கும். சிக்கல் வேறிடத்தில். ஷாக் மாட்டும் பிராக்கெட் ஆட்டத்தைத் தாங்க வடிவமைத்தது, வண்டியின் எடையைத் தாங்க அல்ல. துருப்பிடித்த பழைய சேசியில் அந்த எடையை அங்கே ஏற்றினால் பிராக்கெட் விரிசல் விடும், வெல்டு பிடுங்கும். காற்று வகையில் வண்டி காலியாக இருந்தாலும் குறைந்தபட்ச அழுத்தம் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் மடிந்து கிழியும். பழைய வண்டிக்கு இந்த இரண்டையும் நான் சொல்லமாட்டேன். லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டுவதே நேர்வழி.

வீட்டில் மாட்டுவதில் எது சுலபம்?

முதலில் முன்பக்க அமைப்பைப் பாருங்கள். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் 4x4, 1988 முதல் 1998 வரை வந்த ஷெவர்லே கே1500, முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி உத்திரம் வைத்த ஃபோர்டின் ‘ட்வின் ஐ-பீம்’ வண்டிகள், இவற்றில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. வீட்டிலேயே செய்யலாம். 2004-க்குப் பிந்தைய ஃபோர்டு எஃப்-150, 2005-க்குப் பிந்தைய ஹைலக்ஸ் போன்றவற்றில் காயில் ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றியே இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்காமல் அதைப் பிரிக்க முடியாது. அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும். அந்த வகை வண்டிக்கு மொத்தமாகக் கழற்றி, ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும் பட்டறையில் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். பின்பக்கம் இந்தத் தொல்லை இல்லை. லீஃப் ஸ்பிரிங் வண்டி எதுவானாலும் இரண்டு போல்ட் கதைதான்.

அந்த இரண்டு போல்ட்தான் மணிக்கணக்கில் உயிரை வாங்கும் என்பது வேறு விஷயம். துரு இளக்கும் ஸ்ப்ரேயை முந்தின நாளே அடித்து, மறுநாளும் அடியுங்கள். கேஸ் ஷாக்கின் அருகே தீ வைத்துச் சூடாக்கவே கூடாது. முன் ஷாக்கின் மேல் நட்டைத் திருகினால் ராடும் சேர்ந்து சுழலும். ராடு நுனியில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருக வேண்டும். பழையது எப்படியும் தூக்கிப் போடுவதுதான், நட்டு அறுபட்டாலும் கவலை இல்லை. புது ஷாக்கின் பளபளப்பான ராடைக் குறடால் பிடிப்பது மட்டும் கூடாது. ஒரு கீறல் போதும், சீலைக் கிழித்துவிடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், சேசிக்கு ஸ்டாண்ட் கொடுங்கள், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கழற்றும் பக்கத்தின் ஆக்ஸிலுக்கோ, முன்பக்கமானால் சக்கரத்தைச் சேசியோடு இணைக்கும் கீழ்க் கைக்கோ தனியாக ஒரு ஜாக்கி முட்டுக்கொடுக்க வேண்டும். பல வண்டிகளில் சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதே ஷாக்தான். அதைக் கழற்றியதும் ஆக்ஸில் விழுந்து பிரேக் ஹோஸைப் பிடித்து இழுக்கும். பிறகு துளையையும் போல்ட்டையும் நேர் பார்க்கவும் அதே ஜாக்கிதான் உதவும்.

வகைக்கு வகை வித்தியாசம் இங்கேதான். இரட்டைக் குழாயைப் படுக்க வைத்திருந்தால் உள்ளே காற்று ஏறியிருக்கும். மாட்டும் நிலையில் நிமிர்த்திப் பிடித்து, நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கி, தடை சீரானதும் மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டக் கூடாது. ஒற்றைக் குழாயில் இந்த வேலை இல்லை, தலைகீழாகக்கூட நிற்கும். ஆனால் கையால் அமுக்குவது பெரும்பாடு. பெட்டியில் வரும்போது கட்டியிருக்கும் பட்டையை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். மேல்முனையை மாட்டி, கீழ்முனையை அதன் இடத்துக்கு நேராக வைத்து, அப்புறம் வெட்டினால் அதுவே நீண்டு வந்து உட்காரும். தாண்டிப் போய்விட்டால் ஜாக்கியைக் கொஞ்சம் இறக்குங்கள்.

நீளத்தையும் விட்டுவிடக் கூடாது. பழையதும் புதியதும் முழுக்க நீண்டால் எவ்வளவு, சுருங்கினால் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் மேலே வரும்போது ஷாக் அடி தட்டும் முன், சக்கரத்தைத் தடுத்து நிறுத்தும் ‘பம்ப் ஸ்டாப்’ ரப்பர் தட்ட வேண்டும். பின் ஷாக்குகளில் ஒன்று ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றது பின்னும் இருந்தால் அது தவறில்லை. வேகமெடுக்கும்போது ஆக்ஸில் முறுகித் துள்ளாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள்.

முறுக்குவதில் இரண்டு கவனம். மேல்முனை ரப்பர் வாஷரின் அகலத்துக்கு உப்பும் வரை போதும். நசுங்கும் வரை முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் போகும். கண் போன்ற வளையத்துக்குள் புஷ் இருக்கும் முனைகளை, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, எடை விழுந்த நிலையில்தான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும், அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடியே நிற்கும், ஒரு வருடத்திலேயே கிழிந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், குறிப்பாக மேல் நட்டுகளை.