பைசா வாங்காத வக்கீல்

அக்கா மகனுக்கு வயது 19. ஒரு கடையில் 2,200 ரூபாய் ஹெட்போனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்திருக்கிறான். கேமராவில் முகம் பளிச்சென்று விழுந்துவிட்டது. முதலில் பார்த்த வக்கீல், "மூணு வருஷம் உள்ளே போகணும், 25,000 எடுத்து வையுங்க" என்றார். அக்கா தாலிக்கொடியில் கை வைத்துவிட்டாள்.

அப்புறம்தான் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் அடித்தேன். எங்கள் ஊர் கோர்ட் வளாகத்தில், ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கும் இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் நின்றோம், நாற்காலி ஒன்றே ஒன்று, அதற்கும் கால் ஆடும்.

ஆனால் வந்த வக்கீலம்மா தங்கம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், திருட்டுக்கான 303(2) பிரிவை விரித்து வைத்து, பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். மூன்று வருடம் என்பது உச்சவரம்பு. பொருளின் மதிப்பு 5,000-க்குக் கீழ், தண்டனை பெறுவது முதல் தடவை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. 2024 ஜூலை 1 முதல் இதுதான் சட்டம். 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் கண்டித்து விடுவிக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டாம். பையனிடம், "மறுபடி செய்தால் இந்தச் சலுகை கிடையாது, ஒரு வருடமாவது கடுங்காவல்" என்றும் சொன்னார். அவன் முகம் வெளுத்ததைப் பார்க்க வேண்டுமே!

வழக்கு நடக்கிறது. இதுவரை ஜெராக்ஸ் செலவு 46 ரூபாய். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்று நாற்காலிக்காகக் குறைத்தது.