மாமல்லபுரத்தில் ஒரு பிற்பகல்: 44ஆவது செஸ் ஒலிம்பியாட், பார்வையாளர் வரிசையிலிருந்து

செஸ் போட்டியை நேரில் பார்க்கச் சீட்டு வாங்குவது வீண்செலவு என்று எங்கள் வீட்டிலேயே இருவர் சொன்னார்கள். எல்லா ஆட்டங்களும் இணையத்தில் விளக்கவுரையோடு நேரலையாக வருகின்றன. அரங்கில் கயிற்றுக்கு இப்பால் நின்றால், பலகையில் யானை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுகூடச் சரியாகத் தெரியாது. இரண்டும் உண்மையே. ஆனாலும் 2022 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை, நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட்டின் எட்டாம் சுற்று நடந்த அன்று பத்து வயது மகளுடன் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்குச் சென்று வந்த எனக்கு, அந்தச் சீட்டு கொடுத்ததை நேரலையால் கொடுக்க முடியாது என்பதில் ஐயமில்லை.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பார்வையாளர்களுக்கு முதல் அரங்கு 3,000 ரூபாய், இரண்டாம் அரங்கு 2,000 ரூபாய்; 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் முறையே 300, 200 ரூபாய். எங்கள் இருவருக்கும் சலுகை விலை பொருந்தியது. முழு விலை கொடுத்துக் குடும்பத்தோடு வர நினைத்த ஆண்களுக்கு அது பெருஞ்சுமைதான். சென்னைக்குத் திரும்ப நாங்கள் பிடித்த வாடகைக் காரில், பேசிய தொகையைவிட அதிகம் கேட்டு வாங்கினார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கைப்பேசியை வாயிலில் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்ததும் முதலில் நம்மைத் தாக்குவது அமைதி. பொதுப் பிரிவில் 188 அணிகள், மகளிர் பிரிவில் 162 அணிகள், அணிக்கு நான்கு பலகை எனக் கணக்கிட்டால், இரண்டு அரங்குகளிலுமாக ஏறத்தாழ 700 ஆட்டங்கள் ஒரே வேளையில் நடக்கின்றன. அதாவது 1,400 பேர், ஒரு கை நீளத் தொலைவில், மணிக்கணக்கில் ஒருவரையொருவர் எதிர்நோக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். கால்பந்திலோ கிரிக்கெட்டிலோ எதிரணி வீரரின் மூச்சுச் சத்தத்தை இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் நடப்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை குலுக்குகிறார்கள். இரண்டு ராஜாக்களையும் எடுத்துப் பலகையின் நடுவில் நிறுத்துகிறார்கள்: வெள்ளை வென்றிருந்தால் இரண்டும் வெள்ளைக் கட்டங்களில், கறுப்பு வென்றிருந்தால் இரண்டும் கறுப்புக் கட்டங்களில். பிறகு நகர்வுகளை எழுதிவந்த தம் ஆட்டத்தாளில் கையெழுத்திட்டு, எதிராளியின் தாளிலும் கையெழுத்திடுகிறார்கள். தோற்றவரும், தம் தோல்வி எழுதப்பட்டிருக்கும் எதிராளியின் தாளில் பெயரெழுதி ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் எழ வேண்டும். தொடக்கவிழா மேடையில் ஒற்றுமையைப் பற்றிப் பேசப்பட்ட எதையும்விட, பேனாவைக் கேட்டு வாங்கி அந்தக் கையெழுத்தைப் போடும் இரண்டு நொடிகளே என்னை அதிகம் நம்ப வைத்தன.

உலக செஸ் கூட்டமைப்பின் முழக்கம் ‘நாம் ஒரே குடும்பம்’ என்பது. அது எல்லாக் காலத்திலும் காப்பாற்றப்பட்டுவிடவில்லை. 1939இல் புவெனஸ் ஐரிஸில் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்தபோதே இரண்டாம் உலகப்போர் மூண்டது. இங்கிலாந்து அணி நாடு திரும்பியது. ஜெர்மனியும் போலந்தும் எதிரெதிரே அமர்வதற்கு மாறாக, அவர்களுடைய போட்டி ஆடாமலேயே 2-2 எனப் பதிவாயிற்று. ஆயினும் தொடர் நிற்கவில்லை. முடிவில் ஜெர்மனி முதலிடமும் போலந்து இரண்டாமிடமும் பெற்றன. இடைவெளி அரைப் புள்ளி.

மாமல்லபுரத்துக்கு இந்தப் போட்டி வந்ததற்கும் ஒரு போரே காரணம். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் மீதான படையெடுப்பால் அங்கிருந்து மாற்றப்பட்டு, நான்கு மாத அவகாசத்தில் தமிழ்நாட்டில் ஏற்பாடாயிற்று. ரஷ்ய அணி வரவில்லை. உக்ரைன் மகளிர் வந்தார்கள், தங்கமும் வென்றார்கள். ஜோதி ஓட்டம் காஷ்மீர் வழியாகச் சென்றதைக் காரணம் காட்டி, இந்தியா வந்து சேர்ந்துவிட்ட பாகிஸ்தான் அணி தொடக்க நாளிலேயே விலகிச் சென்றது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஒரே மேசையில் உட்கார்ந்தால் பகை தணியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் மேசை வரைக்கும் வருவதை அரசுகள்தாம் தீர்மானிக்கின்றன, அங்கே செஸ்ஸால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

நாங்கள் சென்ற நாளில்தான் இந்தியாவின் இரண்டாம் அணி அமெரிக்காவை 3-1 என வீழ்த்தியது. பதினாறு வயது குகேஷ் ஃபேபியானோ கருவானாவைத் தோற்கடித்துத் தொடர்ந்து எட்டாவது வெற்றியைப் பெற்றார். கூட்டம் அந்தப் பக்கமே நெருக்கியடித்தது இயல்பு. ஆனால் பிரிவினைகளைக் கடந்து மனிதர்கள் சேர்வதைப் பார்க்க விரும்புபவர்கள், தங்கம் வெல்ல வாய்ப்பே இல்லாத நாடுகள் ஆடும் கடைசி மேசைகளுக்குப் போக வேண்டும். பாலஸ்தீன அணிக்காக எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆடிய தொடர் இது. அந்த மேசைகளில் கயிற்றருகே நெருக்கடி இல்லை. முகங்களை நிதானமாகப் பார்க்கலாம், பலகையும் ஓரளவு தெரியும்.

அப்படி நாங்கள் பார்த்த ஓர் ஆட்டத்தின் இரு பெண்களையும், ஒருவர் ஆப்பிரிக்க நாட்டுச் சட்டையிலும் மற்றவர் ஐரோப்பிய நாட்டுச் சட்டையிலும், பிறகு வெளியே தாழ்வாரத்தில் கண்டோம். பொதுமொழி இருந்ததாகத் தெரியவில்லை. கட்டங்களின் பெயர்களை மட்டும் சொல்லி, விரலால் காற்றில் குதிரையைத் தாவவிட்டு, தலையசைத்து மறுத்து, மீண்டும் தொடங்கினார்கள். யார் வென்றது என்று அந்த முகங்களிலிருந்து எனக்குத் தெரியவில்லை. என் மகள்தான் “ரெண்டு ராஜாவும் கறுப்புக் கட்டத்துல நின்னுச்சும்மா” என்று நினைவுபடுத்தினாள்.

அடுத்த ஒலிம்பியாட் 2024இல் புடாபெஸ்டில் நடந்தது. இனி நடக்கும் ஒலிம்பியாட் எதற்காவது போக நினைத்தால், முதல் மேசைகளை நேரலைக்கு விட்டுவிட்டு, கடைசி மேசைகளுக்கு அருகே போய் நில்லுங்கள். ஆட்டங்கள் முடியும் நேரம்வரை காத்திருங்கள்.