அனுப்புகிற நிரல் காத்திருக்க வேண்டாம்: குவாண்டம் ஜாப் வரிசையோடு என் அனுபவம்

ஐபிஎம் 2016 மே மாதத்தில் ஐந்து க்யூபிட் (குவாண்டம் பிட்) கொண்ட குவாண்டம் கணினி ஒன்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்று அதே சேவையில் 156 க்யூபிட் ஹெரான் வகைக் கணினிகளுக்கே ஜாப் (ஓட்ட வேண்டிய கணக்கு வேலை) அனுப்பலாம். கணினிகள் சில, கேட்பவர்கள் ஏராளம் என்பதால் வரிசை மட்டும் மாறவில்லை. பெங்களூரில் ஆய்வு மாணவர்களோடு சேர்ந்து, ஐபிஎம் கணினிகளுக்கு ஜாப் அனுப்பும் மென்பொருளான கிஸ்கிட் ரன்டைம் வழியாக இந்த வரிசையோடு நெடுநாளாகப் பழகி வருகிறேன். யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: ஜாப்பை அனுப்பும் நிரலும் விடையை வாங்கும் நிரலும் தனித்தனியாக இருக்கட்டும்.

புதிதாக வருபவர்கள் சர்க்யூட்டை (க்யூபிட்கள் மீது செய்ய வேண்டிய செயல்களின் தொகுப்பு) அனுப்பிவிட்டு, அடுத்த வரியிலேயே ரிசல்ட்டைக் கேட்கிறார்கள். அந்த வரி, ஜாப் முடியும்வரை நிரலை நகரவிடாது. வரிசை நீண்டால் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். கோடை மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் பெங்களூரின் அல்சூரில் மின்சாரம் போனது. கரூரிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் மாணவி, "அண்ணா, ஜாப் போய்விட்டது, மறுபடியும் அனுப்பட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்து, இன்னொரு மடிக்கணினியில் அதே கணக்கில் நுழைந்து, முடியாத ஜாப்களின் பட்டியலைக் கேட்டோம். அவருடையது முதல் வரியிலேயே இருந்தது, நிலை: க்யூட் (வரிசையில் உள்ளது). அறுந்தது நிரல் ஓடிய நோட்புக்கின் தொடர்பு மட்டும். ஜாப் சேவையகத்தில் பத்திரமாகக் காத்திருந்தது. மறுபடி அனுப்பியிருந்தால் ஒரே சோதனைக்கு இரண்டு முறை கணினி நேரம் செலவாகியிருக்கும். இலவசத் திட்டத்தில் 28 நாள்களுக்குக் கிடைப்பதே 10 நிமிடம்தான்.

இப்போது எங்கள் அனுப்பும் நிரல் ஜாப் ஐடியைக் கையில் வாங்கியதும் ஒரு கோப்பில் எழுதிவிட்டு முடிந்துவிடும். ஐடியோடு எந்த சர்க்யூட், எத்தனை ஷாட் (சர்க்யூட்டை ஓட்டும் தடவைகள்), எந்தெந்த க்யூபிட், எத்தனை மணிக்கு டிரான்ஸ்பைல் (சர்க்யூட்டைக் கணினிக்கு ஏற்ப மாற்றுவது) செய்தது என்பதும் பதிவாகும். ஜாப்புக்கு டேக் (அடையாளச் சொல்) வைக்கும் வசதியும் உண்டு. சோதனையின் பெயரை அதில் போட்டுவிட்டால் பிறகு தேடுவது எளிது. காலையில் வாங்கும் நிரல் அந்தக் கோப்பைப் படித்து, முடிந்தவற்றை மட்டும் எடுத்து வட்டில் சேமிக்கும்.

டிரான்ஸ்பைல் செய்த நேரத்தை ஏன் குறிக்க வேண்டும்? க்யூபிட்டின் தரம் நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில்லில் உள்ள நுண்ணிய குறைபாடுகள் க்யூபிட்டோடு உறவாடுவதால் டி1 காலம் (க்யூபிட் தன் கிளர்ந்த நிலையை இழக்க எடுக்கும் நேரம்) ஏறி இறங்கும்; இடையில் அளவுத்திருத்தமும் நடக்கும். மாலையில் நல்லதாகத் தெரிந்த க்யூபிட்களைத் தேர்ந்து அனுப்புகிறோம். ஜாப்பின் முறை வருவதற்குள் அவற்றில் ஒன்று கெட்டிருக்கலாம். விடை விசித்திரமாக வந்தால் சர்க்யூட்டைக் குறை சொல்வதற்கு முன் ஜாப் ஓடிய நேரத்தைப் பாருங்கள். ஜாப்பின் மெட்ரிக்ஸ் என்ற விவரப் பதிவில் அது கிடைக்கும். அந்த நேரத்தைக் கொடுத்துக் கணினியின் பண்புகளையும் கேட்டு வாங்கலாம். இந்த வசதிக்காகவே இந்தச் சேவையின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

லீஸ்ட் பிஸி என்ற கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். நிலுவையில் உள்ள ஜாப்களின் எண்ணிக்கையை வைத்தே அது கணினியைத் தேர்கிறது. பத்துச் சிறிய ஜாப்கள் ஒரு பெரிய ஜாப்பைவிட விரைவில் முடியலாம். பிழை விகிதத்தையும் அது பார்ப்பதில்லை. ஆழமான சர்க்யூட் என்றால் நான் நீண்ட வரிசையிலேயே நின்று நல்ல கணினியை வாங்குவேன்.

ஒன்றையொன்று சாராத ஜாப்கள் பல இருந்தால் பேட்ச் முறையில் (ஒரே தொகுப்பாக) அனுப்புங்கள். உச்சவரம்பு நேரத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். வரிசையில் நிற்கும் நேரம் கணினி நேரக் கணக்கில் சேராது. அங்கே இருக்கும்போதே ரத்து செய்தால் ஒதுக்கீடும் குறையாது.

ஒவ்வொரு சுற்றின் விடையையும் பார்த்து அடுத்ததை முடிவு செய்யும் வழிமுறைகளுக்குத்தான் சிக்கல். அவற்றுக்கு ஏற்ற செஷன் முறை (ஒரு முறை இடம் பிடித்து, அடுத்தடுத்த ஜாப்களைத் தொடர்ந்து ஓட்டுவது) இலவசத் திட்டத்தில் இல்லை. ஒவ்வொரு சுற்றும் புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட வேலை வைத்திருப்பவர்கள் அளவுருக்களைச் சாதாரணக் கணினியிலேயே ஓடும் ஏர் (Aer) சிமுலேட்டரில் தேடிக் கண்டுபிடித்து, கடைசிச் சரிபார்ப்பை மட்டும் உண்மையான கணினிக்கு அனுப்பட்டும்.