ஷிமாடா–ஷின், நகாடா–சோ: ஒரே மாதிரிப் போட்டி, வேறு வேறு விலை

உலக ஜூனியர் ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகளாகப் பெண்கள் பிரிவின் முதல் இரண்டு இடங்கள் மாறவே இல்லை. தங்கம் ஜப்பானின் மாவோ ஷிமாடாவுக்கு, வெள்ளி தென் கொரியாவின் ஷின் ஜியாவுக்கு. ஷின் 2022-லும் வெள்ளிதான். அந்த முறை அமெரிக்காவின் இசபோ லெவிட்டோவிடம் 0.54 புள்ளியில் தங்கத்தை விட்டார். பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் "ஷிமாடா எட்டாத உயரம்" என்று முடித்துவிடுவார்கள். புள்ளித்தாள் அவ்வளவு சுலபமாக முடித்துவிடவில்லை.

போட்டி இரண்டு சுற்று: குறுகிய ஷார்ட் புரோகிராம், நீண்ட ஃப்ரீ ஸ்கேட். இரண்டின் கூட்டுத்தொகைதான் முடிவு. 2023-ல் ஷார்ட் புரோகிராமில் ஷிமாடா 71.78, ஷின் 71.19. இது இடைவெளியே இல்லை. ஃப்ரீ ஸ்கேட்டில் 152.76-க்கு 130.71, மொத்த வித்தியாசமான 22.64-ல் 22.05 அங்கிருந்து வந்தது. 2024-ல் ஷார்ட்டில் ஷின்னே முந்தினார்: 73.48-க்கு 72.60. பிறகு ஃப்ரீயில் 6.81 புள்ளி விட்டுக்கொடுத்து 212.43-ல் நின்றார்; ஷிமாடா 218.36. அந்தப் பருவங்களில் ஜூனியர் பெண்கள் ஷார்ட்டில் டபுள் ஆக்ஸல்தான் போட வேண்டும், குவாட்டுக்கு அனுமதி இல்லை (ஆக்ஸல், டோ லூப், லட்ஸ், ஃபிளிப், சால்கோ என்பவை தாவல் வகைகள்; டபுள், ட்ரிபிள், குவாட் என்றால் காற்றில் இரண்டு, மூன்று, நான்கு சுற்று, ஆக்ஸலில் மட்டும் அரைச் சுற்று கூடுதல்). ஆயுதங்களைப் பறித்துவிட்டால் இருவரும் சமம். ஃப்ரீயில் ஷிமாடா ட்ரிபிள் ஆக்ஸலையும் குவாட் டோ லூப்பையும் வெளியே எடுக்கிறார். ஷின்னிடம் அவை இல்லை. ட்ரிபிள் லட்ஸ்–ட்ரிபிள் டோ லூப் என்ற கூட்டுத் தாவல்தான் (ஒன்றையடுத்து உடனே மற்றொன்று) அவருடைய பெரிய சரக்கு.

இந்த இரண்டு தாவல்களின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம் (அடிப்படை மதிப்புகள் 2025-26 பருவம் வரையிலானவை). ட்ரிபிள் ஆக்ஸல் 8.0, குவாட் டோ லூப் 9.5, டபுள் ஆக்ஸல் 3.3. தாவலின் தரத்துக்கு நடுவர்கள் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை தருவார்கள், ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம். விழுந்தால் தர மதிப்பெண் மைனஸ் 5, அதாவது அடிப்படை மதிப்பில் பாதி போய்விடும். மேலே ஒரு புள்ளி அபராதம். ஆக, விழுந்த குவாட் டோ லூப் தருவது 3.75. சுற்று குறைந்ததாகத் தொழில்நுட்பக் குழு குறித்துவிட்டால் அடிப்படை 80 சதவீதமாகும். அதோடு விழவும் செய்தால் மிஞ்சுவது 2.8.

பார்க்கப் பெரிய நட்டம்போல் இருக்கிறது. ஆனால் குவாட்டை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும் என்று கேட்க வேண்டும். ட்ரிபிள், குவாட் வகைகளில் இரண்டை மட்டுமே இரண்டாம் முறை போடலாம். அந்த ஒதுக்கீடு ஏற்கெனவே தீர்ந்திருக்கும் என்பதால், வருவது பெரும்பாலும் டபுள் ஆக்ஸல். அது மிக அழகாக, பிளஸ் 3 தரத்தில் வந்தாலும் 4.29தான். சுற்று நிறைந்து விழுந்த குவாட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் 0.54, பிளஸ் 2 தரத்தில் நின்ற குவாட்டோ 11.4. வென்றால் 7 புள்ளி லாபம், விழுந்தால் அரைப் புள்ளி நட்டம் என்றால் எந்தப் பயிற்சியாளரும் முயலத்தான் சொல்வார். உண்மையான செலவு புள்ளித்தாளின் அடுத்த வரிகளில் ஒளிந்திருக்கிறது: விழுந்து எழுந்த மூச்சிரைப்பில் அடுத்த கூட்டுத் தாவலின் ட்ரிபிள் டோ லூப் விட்டுப்போனால் 4.2 போய்விடும். கணுக்கால் தாங்கும் அடியை எந்தப் பட்டியலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஷின்னின் பக்கம் இன்னொரு கணக்கு இருக்கிறது. தாவல்களுக்கு அப்பால் ஆட்டத்தின் ஒட்டுமொத்தத் தரத்துக்கு நடுவர்கள் மதிப்பெண் தரும் கலைக்கூறுகள் இப்போது மூன்று: அமைப்பு, வெளிப்பாடு, சறுக்குத் திறன். பெண்கள் ஃப்ரீயில் ஒவ்வொன்றையும் 2.67-ஆல் பெருக்குகிறார்கள். மூன்றிலும் ஒரு மதிப்பெண் கூடினால் கிடைப்பது 8.01. ட்ரிபிள் ஆக்ஸலின் அடிப்படை மதிப்பும் கிட்டத்தட்ட அதேதான்! இந்த வழி சீனியரில் செல்லும் என்பதற்குச் சாட்சியும் உண்டு. ஜப்பானின் காவோரி சகமோட்டோ 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்களை ட்ரிபிள் ஆக்ஸலும் குவாட்டும் இல்லாமலே வென்றார். அமெரிக்காவின் அலிசா லியு சிறுவயதில் ட்ரிபிள் ஆக்ஸலும் குவாட் லட்ஸும் போட்டவர். 2022-ல் விலகி, திரும்பி வந்து 2025-ல் பாஸ்டனில் உலகப் பட்டம் வென்றபோது அவை இரண்டும் அவர் நிரலில் இல்லை. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கையும் நினைவுபடுத்திக்கொள்ளலாம்: ஜப்பானின் மாவோ அசாடா மூன்று ட்ரிபிள் ஆக்ஸல்களை விழாமல் போட்டு முடித்தும், ஒன்றுகூடப் போடாத தென் கொரியாவின் கிம் யுனாவிடம் 228.56-க்கு 205.50 என்று தோற்றார். அந்த அசாடாவின் பெயரைத்தான் ஷிமாடாவுக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கிம்மும் சகமோட்டோவும் நடுவர்களிடம் வாங்கிய கலைக்கூறு மதிப்பெண் ஒரே ஆண்டில் வருவதல்ல. ஷின்னுக்கு அந்த நேரம் கொஞ்சம் முன்னதாகவே கிடைத்தது, அதுவும் பிறந்த தேதியால். சீனியர் ஆட அந்தப் பருவத்தின் ஜூலை 1-க்குள் 17 வயது நிறைய வேண்டும் என்ற விதி 2024-25-ல் முழுமையாக அமலானது. 2008 மார்ச்சில் பிறந்த ஷின் 2025-26-லேயே தகுதி பெற்றார். 2008 அக்டோபரில் பிறந்த ஷிமாடாவுக்கு 2026 ஒலிம்பிக் கதவு மூடிக்கொண்டது. 2026-27-ல்தான் சீனியர் வாசல் திறக்கிறது.

அங்கே அவருக்கு இரண்டு மாற்றங்கள். ஃப்ரீ ஸ்கேட் 3:30 நிமிடத்திலிருந்து 4:00 ஆகிறது. 10 சதவீத ஊக்கப் புள்ளி கடைசி மூன்று தாவல்களுக்கே கிடைப்பதால், கூடுதல் அரை நிமிடம் கால்களில் தெரிவது அங்கேதான். இரண்டாவது மாற்றம் சாதகமானது: சீனியர் ஷார்ட்டில் ட்ரிபிள் ஆக்ஸல் போடலாம், அடிப்படையிலேயே 4.7 கூடும். ஆபத்தும் உண்டு. காற்றில் உடல் விரிந்து அது ஒற்றை ஆக்ஸலாகிவிட்டால் ஷார்ட்டில் அந்தத் தாவலுக்குப் பூஜ்யம். என் கணிப்பில் ஷிமாடாவே முன்னால். காரணம், ஒரு பெரிய தாவல் தவறினாலும் அவர் ஷின்னின் மட்டத்தில்தான் நிற்பார், அதற்குக் கீழே போகமாட்டார்.

ஆண்கள் பிரிவிலும் இதே ஜப்பான்–கொரியா சோடி. 2024-ல் தைபேயில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் தென் கொரியாவின் சோ மின்கியு 230.75, ஜப்பானின் ரியோ நகாடா 229.31, ஷார்ட்டில் சோ 2.98 முந்த, ஃப்ரீயில் நகாடா 1.54 மீட்டார். அந்தத் தங்கம் குவாட் இல்லாமல் வந்தது. 2025-ல் ஹங்கேரியின் டெப்ரெட்சனில் நடந்தபோது ஷார்ட்டில் மறுபடி சோ முதலிடம். முடிவில் நகாடா 248.99, சோ 241.45. இருவரும் 2008 செப்டம்பர், அக்டோபரில் பிறந்தவர்கள், ஆகவே சீனியர் வாசலும் இருவருக்கும் ஒரே பருவத்தில்தான் திறக்கிறது.

ஷின்னுக்குச் சொன்ன ஆறுதலைச் சோவுக்குச் சொல்ல முடியாது. சீனியர் ஆண்கள் ஷார்ட்டில் ட்ரிபிள் ஆக்ஸல், ட்ரிபிள் லட்ஸ், ட்ரிபிள் ஃபிளிப்–ட்ரிபிள் டோ லூப் என்று போட்டால் அடிப்படை 23.4. ட்ரிபிள் ஆக்ஸல், குவாட் சால்கோ, குவாட் டோ லூப்–ட்ரிபிள் டோ லூப் என்றால் 31.4. அந்த 8 புள்ளியைக் கலைக்கூறில் ஈடுகட்ட மூன்றிலும் 1.6 மதிப்பெண் கூடுதலாக வேண்டும். முன்னணி ஆட்டக்காரர்களுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி யாரும் தருவதில்லை. குவாட் இல்லாமல் ஒலிம்பிக் தங்கம் வென்ற கடைசி ஆண் 2010-ல் வென்ற அமெரிக்காவின் இவான் லைசாசெக். ஜூனியர் ஷார்ட்டில் குவாட்டுக்குத் தடை இருந்ததே சோவின் சறுக்குத் திறனை முன்னால் காட்டியது. சீனியரில் அந்தத் தடை இல்லை. ஏற்கெனவே குவாட் வைத்திருக்கும் நகாடாவுக்கு அதை ஷார்ட்டுக்கு நகர்த்தும் வேலைதான் பாக்கி. சோ குவாட் சால்கோவை முயன்றுவருகிறார். அதை ஃப்ரீயில் ஒரு சோதனையாக வைப்பதும் ஷார்ட்டில் கூட்டுத் தாவலாக வைப்பதும் ஒன்றல்ல. சீனியரில் அவருடைய முதல் நிரல்தாள் வரும்போது நான் முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான்.