பார்க் ஃபேசிங் என்று காசு வாங்கினார்கள், எதிரில் வந்தது கல்யாண மண்டபம்

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் மனையோ தனி வீடோ தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போலிப் பத்திரம், ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றது போன்ற மோசடி இல்லை இது. எங்கள் வீட்டுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அப்ரூவல் உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) எண் உண்டு. பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது, வில்லங்கச் சான்றிதழும் சுத்தம். ஏமாற்று வேலை முழுக்க லே-அவுட்டின், அதாவது மனைப்பிரிவின், எல்லைக்கு வெளியே நடந்திருக்கிறது.

2021-ல் வாங்கினோம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் அப்போது திறக்கவில்லை. வரப்போகிறது என்ற பேச்சிலேயே விலை ஏறிக்கொண்டிருந்தது. மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருந்து இரைச்சலில் அலுத்துப்போனவர்கள் நாங்கள். என் மாமனாருக்கு இரவில் தூக்கம் பெரிய பிரச்சினை. அமைதியான இடம் வேண்டும் என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டோம். அதையே பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து வேனில் ஏற்றி, பொங்கல் வடை வாங்கிக் கொடுத்து, கிழக்குப் பார்த்த அரை கிரவுண்டு மனையில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டைக் காட்டினார்கள். எதிரில் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. "இதுதான் சார் பார்க். வாக்கிங் பாத் போடுறோம், உங்களுக்கு எதிர்லே வீடே வராது" என்றார் விற்பனைப் பையன். பிரோஷரிலும் அந்த இடம் பச்சையாக இருந்தது, நடுவில் ஊஞ்சல் படம் வேறு. பார்க் ஃபேசிங் என்று சதுர அடிக்கு 150 ரூபாய் கூடுதல். 1,200 சதுர அடிக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 1,80,000 ரூபாய்.

கிழக்குப் பார்த்த மனை, பார்க் ஃபேசிங், கார்னர் என்று எதற்கெல்லாமோ தனித்தனியாகக் காசு கேட்கிற தொழில் இது. கேட்கட்டும். ஆனால் காசு வாங்கிய பொருள் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் கிரையப் பத்திரத்தின் சக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) கிழக்கில் '30 அடி சாலை' என்று மட்டும் இருக்கிறது. சாலைக்கு அப்பால் என்ன என்று எந்தக் கிரையப் பத்திரமும் சொல்லாது. பேங்க் வக்கீலும் அதைப் பார்க்க மாட்டார். மனையின் உரிமை சரியாக இருக்கிறதா, நாளைக்கு ஏலம் விட்டால் பணம் தேறுமா, அவ்வளவுதான் அவர் வேலை. "பேங்க் லோன் கிடைக்குது, அப்புறம் என்ன சார் சந்தேகம்?" என்று யாராவது சொன்னால், லோன் கிடைப்பதற்கும் எதிரில் பார்க் வருவதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2023-ல் ஜே.சி.பி. வந்தது. கிளப் ஹவுஸ் என்றார்கள் முதலில். தூண் எழும்பின உயரத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஏ.சி. கல்யாண மண்டபம், டைனிங் ஹால், எங்கள் சாலையைப் பார்த்தபடி ஜெனரேட்டர்.

அதிகாலை நாதஸ்வரத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, கேட்க நன்றாகவே இருக்கிறது. தொல்லை முந்தின நாள் ரிசப்ஷன். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. 100-க்கு போன் செய்தால் போலீஸ் வருகிறது, சத்தம் குறைகிறது. ஜீப் திரும்பியதும் டிரம்ஸ் மறுபடி ஆரம்பிக்கிறது. கார்கள் எங்கள் கேட்டை மறித்து நிற்கின்றன. சாப்பாட்டு இலைக்கு நாய்கள் சண்டை. மண்டபத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு கோடையில் எங்கள் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டது, டேங்கர் லாரி வாங்குகிறோம். ஊரெல்லாம் ஆடியையும் மார்கழியையும் நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம் என்கிறது. எங்கள் தெருவுக்கு அந்த இரண்டு மாதம்தான் வசந்தம்.

கேட்கப் போனால் விற்பனை அலுவலகமே காலி. போனில் பிடித்தபோது "நாங்க மார்க்கெட்டிங் மட்டும்தான் சார், புரமோட்டரைக் கேளுங்க" என்றார்கள். லே-அவுட் போட்ட புரமோட்டர் நில உரிமையாளரைக் கைகாட்டினார். நில உரிமையாளர் விற்பதற்குப் பவர் எழுதிக் கொடுத்ததோடு சரி, எதுவும் தெரியாது என்றார். விற்கும்போது ஒரே குடும்பமாக இருந்தவர்கள் கேள்வி வந்ததும் மூன்று கம்பெனி ஆகிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தோண்டியதில் தெரிந்தது இது. ரெரா தளத்தில் ஏற்றியிருக்கும் அப்ரூவல் வரைபடத்தில் அந்தப் பச்சை இடமே கிடையாது. அது லே-அவுட்டைச் சேராத பக்கத்து சர்வே எண். நில உரிமையாளரின் சொந்தக்காரர் பெயரில் பட்டா. லே-அவுட்டுக்கு உண்மையான பார்க் ஒன்று இருக்கிறது. ஓ.எஸ்.ஆர். என்கிற திறந்தவெளி ஒதுக்கீட்டு விதிப்படி ஒதுக்கி, பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடம். அது எங்கே என்றால், பின்மூலையில், ஏரியின் உபரிநீர்க் கால்வாயை ஒட்டிய பள்ளத்தில். ஐப்பசி முதல் தை வரை அங்கே தவளைதான் வாக்கிங் போகும். மனை போட்டு விற்க முடியாத மூலையைப் பார்க்குக்குத் தள்ளிவிடுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம் என்று எங்கள் வக்கீல் சாதாரணமாகச் சொன்னார்.

ஆகவே பார்க் என்று ஒரு இடத்தைக் காட்டினால், பிரோஷரை மடித்து வைத்துவிட்டு அப்ரூவல் எண் போட்ட வரைபடத்தைக் கேளுங்கள். அதில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எது என்று குறித்திருக்கும். அந்த இடத்தின் சர்வே எண்ணுக்குப் பதிவுத் துறை தளத்தில் வில்லங்கம் போட்டால், உள்ளாட்சிக்குக் கொடுத்த தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். இணையத்தில் பார்க்கக் காசு கிடையாது. அப்புறம் உங்கள் மனைக்கு எதிரிலும் பக்கத்திலும் இருக்கும் சர்வே எண்களுக்கு அரசு இ-சேவை தளத்தில் 'அ' பதிவேடு பாருங்கள். யாருடைய நிலம், புஞ்சையா, அரசு புறம்போக்கா என்று வந்துவிடும். தனியார் பட்டா நிலம் என்றால் அங்கே நாளைக்கு என்ன வேண்டுமானாலும் வரலாம். விற்பவருடைய வாக்குறுதி அதைத் தடுக்காது.

எங்கள் நிலைமை இப்போது இப்படி. ரெரா சட்டத்தின் 12-வது பிரிவு, விளம்பரத்திலோ விளக்கக் குறிப்பிலோ உள்ள பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு புரமோட்டர் நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது. விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கவும் அதில் வழி உண்டு. வீட்டில் குடியேறியாகிவிட்டது, விலகுவதாக இல்லை. நஷ்டஈடு மட்டும் கேட்டு மனு போட்டிருக்கிறோம். எதிர்த் தரப்பு இரண்டு காரணம் சொல்கிறது. அந்த நிலம் புராஜெக்டில் சேராது. படங்கள் கற்பனையே என்று பிரோஷரின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறோம். கற்பனைக்குச் சதுர அடிக்கு 150 ரூபாய் வாங்கினார்களே, அதுதான் எங்கள் வாதம்.

இதில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு தாள். பணம் கட்டுவதற்கு முன்னால் கம்பெனி முத்திரை போட்டுக் கொடுத்த காஸ்ட் ஷீட், அதாவது விலை விவரத் தாள். அதில் 'பார்க் ஃபேசிங் சார்ஜ்' என்று தனி வரி இருக்கிறது. பத்திரம் பதிவானதும் அந்தத் தாளை ஒரிஜினலாகத் திருப்பிக் கேட்டார்கள். கணக்கு முடிக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். என் மனைவி ஜெராக்ஸை நீட்டி ஒரிஜினலைப் பீரோவில் வைத்துவிட்டார். எங்கள் தெருவில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டவர்களிடம் இப்போது எந்த ஆதாரமும் இல்லை. பிரோஷர், வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், விற்பனைப் பையனின் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். எதையும் ஒரிஜினலாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

அதே ஆட்கள் வேறு பெயரில், மறைமலை நகரைத் தாண்டி இன்னொரு லே-அவுட் போட்டிருக்கிறார்கள். பிரோஷர் கைக்கு வந்தது, அதிலும் கிழக்கு வரிசைக்கு எதிரில் பச்சை இருக்கிறது. அங்கே அட்வான்ஸ் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பச்சையின் சர்வே எண்ணை எழுத்தில் கேளுங்கள். எங்கள் லே-அவுட்டில் வாங்கியவர்களில் முத்திரையோடு காஸ்ட் ஷீட் வைத்திருப்பவர்கள் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், எங்கள் வக்கீலிடமே பேசி உங்களுக்கும் மனு போடலாம்.