வீடு தேடி வரும் நோய்த்தணிப்பு மருத்துவம்: ஒரு மதிப்பீடு

நுரையீரல் புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவிவிட்ட என் தந்தையாரை சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதென்று முடிவானதும், மருத்துவமனையின் பரிந்துரையின்பேரில் நோயாளியின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் ஓர் அறநிறுவனத்தின் இல்லப் பராமரிப்புக் குழு வரத் தொடங்கியது. மருத்துவர், தாதி, தேவைப்பட்டால் சமூக ஊழியர் என்று அமைந்த அந்தச் சேவையில் நான் முதலில் பாராட்ட விரும்புவது அந்த மருத்துவரைத்தான்.

முதல் வருகையில் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தவர், "ஐயா, ராத்திரி எந்தப் பக்கம் திரும்பினா வலி எழுப்பிவிடுது?" என்று கேட்டார். திரவ மார்ஃபினைச் சிறிய அளவில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லி, அதனால் மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் அன்றே எழுதினார். மார்ஃபின் என்றாலே கடைசிக் கட்டம் என்று அஞ்சிய அம்மாவிடம், வலிக்கேற்ற அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது என்று பொறுமையாக விளக்கினார். மூச்சுத்திணறலுக்குச் சிறிய மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. காற்று பட்டதும் அப்பாவின் தோள்கள் தளர்ந்ததைக் கண்ட பிறகே நம்பினேன்.

குணமாகாத நோயாளிகளையே நாள்தோறும் பார்ப்பது சோர்வளிக்காதா என்று ஒரு மாலை கேட்டேன் (கேட்கத் தகுந்த கேள்விதானா என்பது வேறு). புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றியபோது, சிகிச்சை பலித்ததா என்றறிய அடுத்த ஸ்கேன் வரை வாரக்கணக்கில் காத்திருப்பாராம். இங்கே இரவு கொடுத்த மருந்துக்குக் காலையிலேயே பதில் கிடைத்துவிடுகிறதாம். "உங்கப்பா தூங்கி எழுந்து டீ கேட்டாரே, அது போதாதா?" என்றார். தியாகம், தொண்டு என்ற பேச்சே இல்லை. தன் வேலையின் பலனைக் கண்ணெதிரே பார்க்கும் தச்சரின் நிறைவுதான் அவரிடம் தெரிந்தது. 1985இல் செயின்ட் ஜோசஃப் இல்லத்தில் 16 படுக்கைகளுடன் தொடங்கிய சிங்கப்பூரின் அந்திமகாலப் பராமரிப்பு இன்று வீட்டு வாசல் வரை வந்திருப்பதற்கு இத்தகையோரே காரணம் என்பது என் கருத்து.

குறையும் உண்டு. நள்ளிரவில் அழைத்தால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருந்தது. நான் வெளியூர் சென்றிருந்த இரவில் அம்மா திண்டாடிப்போனார்.

எங்களிடம் கட்டணம் வாங்கவில்லை. கட்டணம் வாங்கும் அமைப்புகளில் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பணத்தைப் பயன்படுத்த வழி உண்டு. வலியைக் கட்டுக்குள் கொண்டுவரச் சில வருகைகள் தேவைப்படும் என்பதால், கடைசி வாரம் வரை ஒத்திப்போடாமல் பரிந்துரையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பதியும்போதே, தமிழ் பேசும் தாதி கிடைப்பாரா என்றும் கேட்டுவிடுங்கள்.